எண் போட்ட மரங்கள்



உங்கள் வகுப்பில் எத்தனை பேர்? முப்பது, நாற்பது பேராவது இருப்பீர்கள். இத்தாலி நாட்டின் சிசிலித் தீவில் ஒரு மரம் இருக்கிறது. அதன் இனத்தில், காட்டில் தானாக முளைத்து வளர்ந்த பெரிய மரங்கள் சுமார் முப்பதுதான். உங்கள் வகுப்பின் வருகைப் பதிவேட்டில் அடங்கிவிடும்! நிஜமாகவே ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு வைத்திருக்கிறார்கள்.

சிசிலி ஃபிர் என்பது அதன் பெயர். கிறிஸ்துமஸ் மரம் போல ஊசி இலைகளோடு, எப்போதும் பச்சையாக இருக்கும். கிளை நுனிகள் சிலுவை போலப் பிரிவதால், உள்ளூர் மக்கள் 'சிலுவைச் சிலுவை மரம்' என்கிறார்கள். பைன் மரத்துக் காய் முழுசாகக் கீழே விழும். ஃபிர் மரத்தின் கூம்போ கிளைமேல் நிமிர்ந்து நின்று, அங்கேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடும்.

மதோனியே மலையில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், கல்லும் பாறையுமான சரிவுகள்தான் இதன் வீடு. ஒரு காலத்தில் நிறைய இருந்தது. கட்டடங்களுக்கு உத்தரம் வேண்டுமென்று வெட்டி வெட்டியே தீர்த்தார்கள். 1900-ஆம் ஆண்டு வாக்கில் இனமே அழிந்தது என்று நினைத்தார்கள். 1957-ல் மறுபடி கண்ணில் பட்டது.

கண்டுபிடித்தாயிற்று, இனி கவலை இல்லை என்கிறீர்களா? அங்குதான் சிக்கல். மரங்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கின்றன. காற்றில் வரும் மகரந்தம் அடுத்த மரத்துக்கு எளிதில் போய்ச் சேர்வதில்லை. தன் மகரந்தம் தன் மேலேயே விழுகிறது. அதனால் விதைகளில் பெரும்பாலானவை பதர். தப்பி முளைத்த கன்றை மான் மேய்ந்துவிடும்.

இன்னொரு வேடிக்கை. காடு வளர்க்கிறோம் என்று நல்ல எண்ணத்தோடு வேறு இன ஃபிர் மரங்களைப் பக்கத்தில் நட்டிருந்தார்கள். அவற்றின் மகரந்தம் கலந்தால் பிறப்பது கலப்பினம். சிசிலி ஃபிர் அல்ல! எனவே அந்த வெளி மரங்களைக் குறைப்பதும் பாதுகாப்பு வேலையில் ஒன்று. காட்டைக் காக்க மரத்தை வெட்டுவது, கேட்கவே விசித்திரமாக இல்லை?

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு ஒரு திட்டம் தொடங்கியது. ஒரு மரத்தின் மகரந்தத்தை எடுத்து, இன்னொரு மரத்தின் பெண் கூம்பில் மனிதர்களே சேர்த்தார்கள். தேனீ செய்கிற வேலை மாதிரி! கிடைத்த நல்ல விதைகளை நாற்றங்காலில் வளர்த்தார்கள். மானும் காட்டுப்பன்றியும் நெருங்காதபடி மரங்களைச் சுற்றி வேலியும் உண்டு.

ஃபிர் மெதுவாக வளரும் மரம். இன்றைய நாற்று கூம்பு விடும்போது, இப்போது பள்ளிக்கூடம் போகிற சிசிலிப் பிள்ளைகள் பெரியவர்களாகியிருப்பார்கள். அதுவரை வேலியில் ஓட்டை விழாமல் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்