பச்சையாக இருந்தால் போதுமா?

கரிமத்தைச் சேமிக்க வேகமாக வளரும் ஒரே இன மரம் போதும், பலவகைக் காடு வெறும் அழகுக்குத்தான் என்ற வாதம் மறுபடியும் கிளம்பியிருக்கிறது. பாதி உண்மை என்பதால்தான் அது ஆபத்தானது.

சீனாவின் ஜியாங்சி மலைச்சரிவுகளில் 2009 முதல் லட்சத்துக்கும் மேற்பட்ட கன்றுகளை நட்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். 8 ஆண்டுகளில், 16 இனங்கள் கலந்த நிலத்துண்டுகள் சராசரி ஒற்றையின நிலத்துண்டுகளைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கரிமத்தைச் சேர்த்திருந்தன. வணிகத்துக்கு வளர்க்கும் இரண்டு இனங்கள் தனியாக நின்றே கலப்புக் காட்டுக்கு ஈடுகொடுத்தன. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கணக்கு மரம் உயிரோடு நிற்கும்வரைதான் செல்லும்.

ஜெர்மனியின் ஹார்ஸ் மலையைப் பாருங்கள். சுரங்கத் தொழிலின் மரத் தேவைக்காகத் தலைமுறை தலைமுறையாக ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரமே பெருமளவில் நடப்பட்ட இடம். 2018இல் வறட்சி வந்தது. நீரில்லாத மரத்தால் பிசினைச் சுரந்து பட்டையைத் துளைக்கும் வண்டை விரட்ட முடியவில்லை. வண்டு தாவிய அடுத்த மரமும் ஸ்புரூஸ், அதற்கடுத்ததும் அதேதான். சில ஆண்டுகளுக்குள் மலைச்சரிவுகள் சாம்பல் நிறக் குச்சிகளாக நின்றன. அந்த வண்டு பீச் மரத்தைத் தொடுவதில்லை. இடையிடையே பீச் கலந்திருந்தால் வண்டின் வேகம் தடைபட்டிருக்கும். செத்த மரம் மட்கும்போது சேமித்த கரிமமும் காற்றுக்கே திரும்புகிறது.

மரம் நடும் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்குபவர்களே, எத்தனை லட்சம் கன்றுகள் என்று கேட்கும்போது எத்தனை இனங்கள் என்றும் தயவுசெய்து கேளுங்கள்.