அப்பா ஏன் இளைத்துப் போகிறார்?

"வயதாகிவிட்டது" என்பது ஒரு நோயின் பெயர் அல்ல

போன மாதம் வரை கடைத்தெருவுக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்த பெரியவர், இப்போது திண்ணையை விட்டு எழுவதில்லை. சட்டை தொளதொளக்கிறது. தட்டில் சாதம் மிஞ்சுகிறது. கேட்டதையே திரும்பக் கேட்கிறார். டாக்டரிடம் காட்டினால், "வயதாகிவிட்டது அல்லவா?" என்று சொல்லி ஒரு டானிக் எழுதிக் கொடுக்கிறார். வீட்டாரும் அதோடு விட்டுவிடுகிறார்கள்.

இது இன்று பல வீடுகளின் கதை. 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 8.6 பேர். தமிழ்நாட்டில் 10.4 பேர். பிள்ளைகள் குறைந்து, ஆயுள் கூடிவரும் நாட்டில் இந்தக் கணக்கு ஏறுமே தவிர இறங்காது.

முதுமை ஒரே மாதத்தில் வருமா?

வராது. முதுமை வருடக் கணக்கில் மெல்ல மெல்ல வருவது. சில வாரங்களிலோ, சில மாதங்களிலோ ஒருவர் தளர்ந்துபோனால், அதற்குப் பின்னால் ஏதோ காரணம் இருக்கக்கூடும். அதைத் தேட வேண்டும்.

எடை ஒரு நல்ல அடையாளம். 60 கிலோ இருந்தவர் எந்த முயற்சியும் செய்யாமல் ஓர் ஆண்டுக்குள் 3 கிலோவுக்கு மேல் இழந்தால், அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

காரணம் எங்கே ஒளிந்திருக்கிறது?

முதலில் மாத்திரைப் பையைப் பாருங்கள். இரத்தக் கொதிப்புக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு இன்னொரு டாக்டர், மூட்டு வலிக்கு மருந்துக் கடைக்காரர் என்று ஆளுக்கு இரண்டாகக் கொடுத்த மாத்திரைகள் அதில் சேர்ந்திருக்கும்.

இரத்தக் கொதிப்பு என்று பலர் உப்பை அடியோடு குறைக்கிறார்கள். கூடவே சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும் சேர்ந்தால், இரத்தத்தில் உள்ள சோடியம் என்னும் உப்பு இறங்கிவிடலாம். அது 135-க்கும் 145-க்கும் இடையே இருக்க வேண்டும். மிகவும் குறைந்தால் மயக்கமும் உளறலும் தடுமாற்றமும் வரும்.

சாப்பாடு குறைந்த பிறகும் பழைய அளவிலேயே சர்க்கரை மாத்திரை போட்டால், சர்க்கரை தாழ்ந்து தலை சுற்றும். மெட்பார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடுகிறவர்களுக்கு 'பி 12' சத்துக் குறையலாம். வலி மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கினால் வயிற்றில் மெல்ல இரத்தம் கசிந்து சோகை வரலாம். அதற்காக எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

முதியவர்களுக்குச் சிறுநீரிலோ நுரையீரலிலோ தொற்று இருந்தாலும் காய்ச்சல் தெரியாமல் போகலாம். புத்தி மட்டும் குழம்பும். குளியலறையில் வழுக்கி விழுந்ததை மறந்திருப்பார்கள். தலைக்குள் மெல்லக் கசிந்த இரத்தம், சில வாரங்கள் கழித்துத் தூக்கமும் குழப்பமுமாக வெளிப்படும். ஸ்கேனில் கண்டுபிடித்து அதை வெளியேற்றினால், பலர் பழையபடி நடமாடுகிறார்கள்.

தைராய்டு, காசநோய், புற்றுநோய் ஆகியவையும் ஆளை இளைக்க வைக்கும். துணையை இழந்த துக்கமும் அப்படியே. பல் வலியால் சாப்பிட முடியாமல், அதைச் சொல்லவும் கூச்சப்படுகிறவர்களும் உண்டு.

சர்க்காரின் உதவி எதுவரை?

1978-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். நாட்டுக்கே அது வழிகாட்டியது. 2024 பிப்ரவரி 25-ந் தேதி, கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது.

2021 ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை வந்தது. ஆனால், இது நோய் இன்னதென்று தெரிந்தவர்களுக்குக் கிடைத்த உதவி.

70 வயதானவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை காப்பீடு தரும் திட்டத்தை மத்திய அரசு 2024 அக்டோபர் 29-ந் தேதி தொடங்கியது. அதுவும் ஆஸ்பத்திரியில் படுத்துச் சிகிச்சை பெறுவதற்கு. வெளியே நடையாய் நடந்து பரிசோதனை செய்யும் செலவு அதில் சேராது. ஆக, காரணம் தேடும் கட்டத்தில்தான் குடும்பம் தனியே நிற்கிறது. இந்த இடைவெளியை அரசு நிரப்ப வேண்டும். அதுவரை ஏழைக் குடும்பங்களுக்கு அரசு மருத்துவமனைதான் துணை.

நீங்கள் செய்ய வேண்டியது

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தளர்ச்சி எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன புது மாத்திரை, எப்போது விழுந்தார், எடை எவ்வளவு என்று எழுதுங்கள். மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். "போன பொங்கலுக்கு என்ன செய்தார், இப்போது எதைச் செய்ய முடியவில்லை" என்று சொல்லுங்கள். "உடம்பு சரியில்லை" என்பதைவிட இது டாக்டருக்குப் பெரிதும் உதவும்.

கூட இருந்து பார்க்கும் மகளோ மருமகளோ சொல்வதைக் கேளுங்கள். முதலில் மாற்றம் தெரிவது அவளுக்குத்தான். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்பினால் போதாது. முறை வைத்து வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

"எனக்கு ஒன்றுமில்லை" என்று பெரியவர் மறுப்பார். பெரும்பாலும் அது செலவுக்குப் பயந்து சொல்வது. அந்தப் பயத்தை முதலில் போக்குங்கள்.

திடீரென்று உளறல், கை கால் இழுப்பு, பேச்சுக் குழறல் என்றால் ஒரு நிமிடமும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். முதியோர் உதவிக்கென்றே 14567 என்ற எண்ணும் இருக்கிறது.

எல்லாம் தேடியும் காரணம் கிடைக்காமல் போவதுண்டு. அப்போது யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. மென்மையான சத்துள்ள உணவு, தினம் கொஞ்சம் நடை, பேச்சுத் துணை ஆகியவற்றைக் கொடுத்து, சில மாதங்கள் கழித்து மீண்டும் காட்டுங்கள்.

நாம் குழந்தையாக இருந்தபோது ஏன் அழுகிறோம் என்று நமக்குச் சொல்லத் தெரியவில்லை. பெற்றவர்கள்தான் காரணத்தைத் தேடினார்கள். இன்று தேட வேண்டியது நம் முறை.