‘செய்வதற்கு ஏதுமில்லை’ என்று கணினி சொன்னால் போதுமா?

ஓர் ஆய்வேட்டைக் கையில் எடுத்ததும், தரவு எங்கிருந்து பெறப்பட்டது, மாதிரி எவ்வாறு தெரிவுசெய்யப்பட்டது என்று கேட்கப் பழகியிருக்கிறோம். அத்தரவைக் கணக்கிட்ட மென்பொருள் எவ்வாறு தொகுக்கப்பட்டது என்று மட்டும் கேட்பதில்லை. லினக்ஸ் கணினியில் மூலநிரலைத் தாமே தொகுத்து ஆய்வு செய்வோர் மொழியியலிலும் பெருகிவிட்ட இந்நாளில், இதுவும் ஆய்வுநெறி சார்ந்த கேள்வியே. வெற்று அடைவில் முதலிலிருந்து தொகுத்த மென்பொருளால் மீண்டும் பெறப்படாத எந்த எண்ணும் ஆய்வேட்டில் இடம்பெறலாகாது என்பது என் கருத்து.

சிக்கலின் வேர் ‘கேஷ்’ எனப்படும் இடைச்சேமிப்பு. பெரிய மென்பொருளைத் தொகுக்க மணிக்கணக்காகும். ஆகவே, மாறாத பகுதிகளுக்கு முன்பு கிடைத்த விளைவையே எடுத்தாள்கிறோம். ‘மாறவில்லை’ என்பது எதைக் கொண்டு முடிவுசெய்யப்படுகிறது என்பதில்தான் இடர் ஒளிந்திருக்கிறது. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய ‘மேக்’ கருவி, கோப்புகள் கடைசியாகத் திருத்தப்பட்ட நேரங்களையே ஒப்பிடுகிறது. தசம எண் கணக்கீட்டின் விதிகளைத் தளர்த்தி விரைவைக் கூட்டும் ‘ஃபாஸ்ட் மேத்’ என்னும் தெரிவுடன் ஒருமுறை தொகுத்துவிட்டு, மறுநாள் அதை நீக்கிக் கட்டளையிட்டுப் பாருங்கள். தெரிவுகளின் மாற்றத்தைக் கவனிக்கும்படி தனியே எழுதிவைத்திராவிட்டால், செய்வதற்கு ஏதுமில்லை என்றே மேக் விடையளிக்கும். நீக்கிவிட்டதாக நாம் நம்பும் தெரிவு நம் எண்களில் தொடர்ந்து வாழும்.

பின்வந்த கருவிகளும் இதற்கு விலக்கல்ல. ‘சிமேக்’ முதல் ஓட்டத்தில் கண்டறிந்த நிரலகத்தின் இருப்பிடத்தைக் குறித்துவைக்கும். புதிய பதிப்பை வேறோர் இடத்தில் நிறுவிய பின்னரும் பழைய இடத்தையே நாடும். ‘சிகேஷ்’ என்னும் கருவி, தொகுப்பியின் அளவையும் திருத்த நேரத்தையும் கொண்டே அது அதே தொகுப்பிதானா என்று இயல்பாகத் தீர்மானிக்கிறது. நாம் அழைப்பது உண்மைத் தொகுப்பியை மறைத்து நிற்கும் சிறு உறைநிரலாக இருந்தால், உள்ளே தொகுப்பி மாறியதை அது அறியாமற் போகலாம். பைத்தானின் ‘பிப்’ இன்னும் நுட்பமாக ஏமாற்றும். மூலநிரலிலிருந்து ஒருமுறை தொகுத்த பொதியை அது பயனரின் முகப்பு அடைவில் சேமித்துவைக்கிறது. மெய்நிகர் சூழலை முற்றிலும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் மாணவர், எல்லாம் தூய்மையாயிற்று என்று எண்ணுகிறார். பழைய நிரலகத்தை நம்பித் தொகுக்கப்பட்ட அதே பொதி, புதிய சூழலுக்குள் ஓசையின்றி வந்து அமர்கிறது. தொகுத்தல் நின்றுபோகும் பிழை நமக்கு நன்மையே செய்கிறது. தொகுத்தல் வெற்றி பெற்று விடை மட்டும் வேறாகும் பிழையே ஆய்வைக் கெடுக்கிறது.

மொழியியல் மாணவர் இதனை எளிதில் உணரலாம். இடைச்சேமிப்பில் உள்ள ஒவ்வொரு விளைவுக்கும் ஒரு பெயர் உண்டு. வேறுபட்ட இரண்டு விளைவுகள் ஒரே பெயரைப் பெறும்போது பிழை பிறக்கிறது. பலபொருள் ஒருசொல் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவுறும் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் காட்டும். கணினிக்குச் சார்பை நோக்கும் அறிவு இல்லை. பெயர் ஒன்றானால் பொருளும் ஒன்றே என்று அது கொள்ளும். எனவே, பெயரிலேயே எல்லா வேறுபாடும் அமைந்திருக்க வேண்டும். ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2006இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் விரித்துரைத்த ‘நிக்ஸ்’ இவ்வழியையே மேற்கொள்கிறது. மூலநிரல், தொகுப்பி, தெரிவுகள், சார்ந்த நிரலகங்கள் என அறிவிக்கப்பட்ட உள்ளீடுகள் அனைத்திலிருந்தும் விளைவின் பெயர் கணக்கிடப்படுகிறது. ஒன்று மாறினாலும் பெயர் மாறிவிடும்.

அவ்வாறாயின் இடைச்சேமிப்பையே கைவிடலாமா என்று கேட்கலாம். பலர் பகிர்ந்துகொள்ளும் ஒரே வழங்கிக் கணினியில், தம் முறைக்காகக் காத்திருக்கும் ஆய்வாளரிடம் அப்படிச் சொல்வது அறமாகாது. அன்றாடப் பணிக்கு இடைச்சேமிப்பு இருக்கட்டும். இறுதி எண்களுக்கு வேண்டாம். ஓர் இரவு கணினி உழைத்தால் முடியும் பணியை, பல ஆண்டு உழைப்பின் நம்பகத்தன்மைக்காகச் செய்யத் தயங்குவது சிக்கனமன்று. தூய தொகுத்தல் முடிவு சரி என்று மெய்ப்பிக்காது. ஆய்வேட்டில் எழுதியிருப்பதும் கணினியில் நடந்ததும் ஒன்றே என்பதற்கே அது சான்று தரும். அந்தச் சான்று இல்லாமல் சரி, தவறு பற்றிய விவாதமே தொடங்க முடியாது.

நம் நாட்டு ஆய்வகங்களில் மூத்த மாணவர் தொகுத்துவைத்த அடைவு இளையவருக்குக் கைமாறுவது வழக்கம். ஒருநாள் அந்தக் கணினி பழுதாகும், அடைவும் மறையும். வேறு கணினியில் அதே எண் வராதபோது ஐயம் யார்மீது விழும்? அடைவை உருவாக்கியவர் பட்டம் பெற்றுச் சென்றிருப்பார். விடை சொல்ல வேண்டியவர் அடுத்து வந்த மாணவர்.

ஆகவே நெறியாளர்களிடமும் ஆய்வுக்குழுக்களிடமும் வேண்டுவது ஒன்றே. ஆய்வேட்டின் முறையியல் இயலில் மூன்று செய்திகளைக் கட்டாயமாக்குங்கள்: தொகுப்பியின் பதிப்பு, பயன்படுத்திய தெரிவுகள், வெற்று அடைவில் இடைச்சேமிப்பின்றித் தொகுத்த நாள். மூன்றாவது செய்தியை எழுத இயலாத மாணவருக்கு இன்னும் ஒரு வாரக் காலம் கொடுங்கள். வாய்மொழித் தேர்வில் திணறுவதைவிட அந்த ஒரு வாரம் எளிது.