நத்தைக்கு யார் அழுவார்?

நாமக்கல்லிலிருந்து சேலத்திற்குப் பேருந்தில் செல்லும்போது சன்னல் வழியே பாருங்கள். கொல்லிமலை, போதமலை, ஜருகுமலை, சேர்வராயன் மலை எனச் சமவெளியில் தனித்தனியே மலைகள் நிற்கும். நமக்கு அவை மலைகள். அங்கே ஈர இலைச்சருகில் ஊர்ந்து வாழும் நத்தைக்கோ அவை தீவுகள்! காய்ந்த சமவெளியைக் கடந்து அடுத்த மலைக்குப் போக அதனால் இயலாது. ஒரே மலையில் மட்டும் வாழும் இனங்கள் நத்தைகளிடையே அரிதல்ல.

தீவில் வாழ்வது ஆபத்தா? இரண்டு கதைகளைக் கேளுங்கள்.

டாஸ்மேனியத் தீவில் வாழ்ந்தது 'டாஸ்மேனியப் புலி'. கங்காருவைப் போல் குட்டியைப் பையில் வளர்க்கும் பிராணி. ஆடுகளைக் கொல்கிறது என்று, 1888 முதல் 1909 வரை அதன் தலைக்கு அரசாங்கமே பரிசு கொடுத்தது. 1936 ஜூலையில்தான் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 7-இல் ஹோபார்ட் மிருகக்காட்சிசாலையில் கடைசிப் புலி இறந்தது. அந்த நாளை ஆஸ்திரேலியா இன்றும் நினைவுகூர்கிறது.

மற்றது ஹவாய்த் தீவுகளின் கதை. பயிரைத் தின்னும் ஆப்பிரிக்க ராட்சத நத்தையை (நம் தோட்டங்களிலும் காண்பதுதான்) ஒழிக்க, 1955-இல் புளோரிடாவிலிருந்து நத்தை தின்னும் நத்தையைக் கொண்டுவந்தார்கள். அதுவோ உள்ளூர் மரநத்தைகளை வேட்டையாடியது! காடழிப்பும் எலிகளும் சேர்ந்துகொண்டன. ஓர் இனத்தின் கடைசி நத்தையான 'ஜார்ஜ்', 2019 ஜனவரி 1-இல் ஆய்வுக்கூடத்தில் இறந்தது. அதற்காக வருந்தியவர் எத்தனை பேர்?

புலியை மனிதன் வேண்டுமென்றே கொன்றான். சட்டம் காலத்தில் வந்திருந்தால் தடுத்திருக்கலாம். நத்தையைக் கொல்ல எவரும் எண்ணவில்லை, அறியாமையே கொன்றது. பதிவான அழிவுகளில் முதலிடம் பெறுவது நத்தைகள் அடங்கிய மெல்லுடலித் தொகுதியே.

பெரிய விலங்கின் காட்டைக் காத்தால் நத்தையும் பிழைக்கும் என்பார்கள். தேவாங்குக்காக 2022-இல் கடவூரில் 11,806 ஹெக்டேரில் சரணாலயம் அமைந்தது பாராட்டத்தக்கதே. ஆனால் அது மட்டும் போதாது. ஹவாயில் காடு நின்ற இடத்திலும் நத்தை மறைந்ததே! ஒரு சரிவில் மட்டும் வாழும் இனத்திற்கு, அந்தச் சரிவில் வெட்டும் ஒரு கல்குவாரியே முடிவாகிவிடும். இருப்பதே தெரியாத உயிரை எந்தச் சட்டம் காக்கும்?

ஆகவே முதலில் கணக்கெடுக்க வேண்டும். மழைக்காலத்தில் ஏற்காட்டிற்கோ கொல்லிமலைக்கோ சென்றால், கண்ட நத்தைகளின் ஓட்டை வரைந்து, இடமும் தேதியும் குறித்து வையுங்கள். உயிருள்ள நத்தையை வேறிடம் கொண்டுபோகாதீர்கள். உங்கள் நோட்டுப் புத்தகம் நாளைய ஆராய்ச்சிக்கு ஆதாரமாகலாம்!