அப்டேட் வந்தா ஆரு பாக்கிறது?

கூத்துப் பதிவுகளை ஹார்ட் டிஸ்க்கில போட்டாச்சு, இனிப் பயமில்லை எண்டு நம்மட ஆக்கள் சொல்றாங்க. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இசட்.எஃப்.எஸ். எண்ட கோப்பு முறைமையைப் பாருங்க. 2005இல் சன் நிறுவனம் அதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. தரவு பழுதானால் கண்டுபிடிக்கும். இன்னொரு பிரதி இருந்தால் தானே திருத்தும். ஆனால் உரிமச் சிக்கலால் லினக்ஸ் கேர்னலுக்குள் அதுக்கு இடமில்லை; வெளியே நிக்கிற மொடியூல். கேர்னலின் உள்ளமைப்பு மாறும்போதெல்லாம் ஓபன் இசட்.எஃப்.எஸ். குழு நிரலைத் திருத்தணும். அதுக்கு முதல் நாம அவசரப்பட்டு அப்டேட் பண்ணினா மொடியூல் ஏறாமல் போகலாம். பதிவு டிஸ்க்கில பத்திரமாக் கிடக்கும், திறக்கத்தான் ஏலாது.

நீண்டகால ஆதரவுள்ள கேர்னலோட நிண்டு, பழைய கேர்னலையும் அழிக்காம வைச்சா தலையிடி குறையும். அதையும் ஒரு ஆள்தான் செய்யணும். கூத்துக்கு அண்ணாவியார் மாதிரி ஆவணத்துக்கும் பொறுப்பாளர் வேணும். டிஸ்க் வாங்கக் காசு சேர்க்கிற நாம, அந்த ஆளுக்கும் சேர்ப்பம்.