கிரீக் யோகர்ட் வாங்கலாமா? பால் கறக்கிற ஊர்லேர்ந்து ஒரு நீண்ட த்ரெட்

1/
"டாக்டர், கிரீக் யோகர்ட் சாப்பிட்டா சுகர் குறையுமாமே? எந்த கம்பெனி நல்லது?"

கொஞ்ச நாளா ஓபியில் அடிக்கடி வர்ற கேள்வி இது. ஜிம்முக்குப் போற தம்பிங்க கேட்டா ஆச்சரியம் இல்லை. பாடாலூர் பக்கத்துல ரெண்டு மாடு வெச்சு சொசைட்டிக்குப் பால் ஊத்துற அக்காவும் ரீல்ஸ் பார்த்துட்டு இதையே கேக்குறாங்க. அதனால விரிவா எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன்.

2/
என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன்.

கிரீக் யோகர்ட் நல்ல உணவு. ஆனா மருந்து இல்லை, அதிசயமும் இல்லை. தண்ணியை வடிச்ச தயிர், அவ்வளவுதான். நம்ம மாதிரி பால் கிடைக்கிற ஊர்ல, கடையில எந்த கப்பை வாங்குறதுன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி, வீட்டுக்குன்னு அரை லிட்டர் பாலை நிறுத்திக்கிறோமான்னு யோசிக்கணும்.

3/
அது என்ன பொருள்?

பாலைக் காய்ச்சி, உறை ஊத்தி, தயிராக்கி, துணியில் கட்டித் தொங்க விட்டா மஞ்சளும் பச்சையும் கலந்த மாதிரி ஒரு தண்ணி சொட்டும். அது இறங்கின பிறகு துணியில் நிக்கிறதுதான் கிரீக் யோகர்ட். கிரீஸ் நாட்டுலயே இதுக்குப் பேர் 'ஸ்ட்ராகிஸ்டோ'. அர்த்தம், 'வடிகட்டியது'.

மகாராஷ்டிராவில் இதே பொருள் 'சக்கா'. சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்தா ஸ்ரீகண்ட். அரபு நாடுகள்ல உப்பு போட்டு இன்னும் கெட்டியா வடிச்சா 'லபனே'. லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பக்கம் வளைகுடா போய் வந்தவங்களைக் கேளுங்க, குப்பூஸோட சாப்பிட்ட கதை சொல்லுவாங்க.

4/
அப்புறம் எப்படி இவ்வளவு பிரபலம் ஆச்சு?

அமெரிக்காவில் துருக்கியிலிருந்து குடியேறிய ஹம்தி உலுகாயா, மூடப்பட்ட ஒரு பழைய தொழிற்சாலையை வாங்கி 2007-ல் 'சோபானி' என்ற பெயரில் விற்க ஆரம்பிச்சார். பெரிய வெற்றி. பிறகு அது இங்கிலாந்துக்குப் போனப்ப, கிரீஸைச் சேர்ந்த 'ஃபாகே' கம்பெனி வழக்கு போட்டது. அமெரிக்காவில் செஞ்சதை 'கிரீக் யோகர்ட்'னு அங்கே விற்கக் கூடாதுன்னு 2013-ல் தீர்ப்பு வந்தது.

இந்தியாவில் 2015-க்குப் பிறகு எபிகேமியா போன்ற பிராண்டுகள் வந்தன. இப்ப நம்ம ஈரோட்டு மில்கி மிஸ்ட் வரைக்கும் கிரீக் யோகர்ட் போடுறாங்க.

5/
இப்ப முக்கியமான கணக்கு. நிதானமா படிங்க.

ஒரு லிட்டர் பசும்பால்ல சுமார் 32 கிராம் புரதம். அதைத் தயிராக்கினாலும் அதே 32 தான். 100 கிராம் தயிருக்கு 3 கிராம் சொச்சம்.

அந்தத் தயிரை 400 கிராமா வடிச்சா, கொஞ்சம் புரதம் தண்ணியோட போயிடும், ஏறத்தாழ 28 கிராம் மிஞ்சும். 100 கிராமுக்கு 7 கிராம். தொழிற்சாலையில இன்னும் அதிகமா வடிப்பாங்க, அதனால 8 முதல் 10 கிராம் வரை வரும்.

6/
அதாவது, வடிகட்டினதால புரதம் புதுசா உண்டாகலை. தண்ணி குறைஞ்சிருக்கு.

ஒரு பெரிய டம்ளர் சாதாரணத் தயிரும், ஒரு சின்னக் கிண்ணம் வீட்டுக் கெட்டித் தயிரும் புரதத்துல ஏறக்குறைய சமம். கொஞ்சமா சாப்பிட்டாலே வயிறு நிறையுறவங்க, வயசானவங்க, நோயிலிருந்து தேறி வர்றவங்க, உடல் எடை குறைக்கிறவங்க இவங்களுக்குத்தான் கெட்டித் தயிரால நிஜமான பயன்.

இன்னொண்ணு: வடியுற தண்ணியோட கால்சியமும் போகும். எலும்புக்குன்னு சாப்பிடுறவங்களுக்குச் சாதாரணத் தயிர் போதும்.

7/
"சுகர் குறையுமா?"

குறைக்காது. மாத்திரை, ஊசியை நிறுத்திடாதீங்க.

ஆனா சாயங்காலம் டீயோட ரெண்டு பஜ்ஜி, நாலு பிஸ்கட் சாப்பிடுற இடத்துல, சர்க்கரை சேர்க்காத கெட்டித் தயிரும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் வந்தா, அந்த வேளையில சுகர் ஏறுறது குறையும். சீக்கிரம் பசிக்காது. அந்த நன்மை பஜ்ஜிக்குப் பதிலா சாப்பிடும்போதுதான். பஜ்ஜியும் சாப்பிட்டு, மேலே யோகர்ட்டும் சாப்பிட்டா ஒண்ணும் குறையாது.

8/
புரதம் எவ்வளவு வேணும்?

ஐசிஎம்ஆர் 2020 பரிந்துரைப்படி ஆரோக்கியமான பெரியவங்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம். 60 கிலோ இருந்தா நாளுக்கு 50 கிராம்.

மூணு வேளையும் சோறும் குழம்பும்னு 300 கிராம் அரிசி சாப்பிட்டா, அதுல 20 கிராம் சொச்சம்தான் வரும். மீதியைப் பருப்பு, பயறு, முட்டை, மீன், தயிர் எல்லாம் சேர்ந்துதான் நிரப்பணும். நம்ம மாவட்டங்கள்ல வயல் வேலைக்குப் போற பெண்கள் நிறைய பேருக்கு இந்த மீதி கிடைக்கிறதே இல்லை.

9/
கடையில வாங்குறதா இருந்தா முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காதீங்க. கப்பைத் திருப்புங்க. நாலு விஷயம்:

• பொருள் பட்டியல்: பால், தயிர் நுண்ணுயிர். இவ்வளவு இருந்தா போதும். ஸ்டார்ச், ஜெலட்டின் இருந்தா வடிக்காம கெட்டியாக்கி இருக்காங்கன்னு அர்த்தம். விஷம் இல்லை, ஆனா நீங்க காசு கொடுத்தது அதுக்கு இல்லையே.
• புரதம்: 100 கிராமுக்கு 7-க்குக் கீழே இருந்தா கிரீக் யோகர்ட் விலை கொடுக்க வேண்டாம்.
• சேர்த்த சர்க்கரை: பூஜ்யமா இருக்கணும்.
• தேதி, அப்புறம் ஃபிரிட்ஜ். நெடுஞ்சாலைக் கடையில மதியம் கரண்ட் போய் வந்த ஃபிரிட்ஜ்ல கப் உப்பி இருந்தா வாங்காதீங்க.

10/
மாம்பழம், ஸ்ட்ராபெர்ரி, ப்ளூபெர்ரி ஃபிளேவர் கப் பத்தித் தனியா சொல்லணும்.

பாலுக்குன்னு இயற்கையா உள்ள சர்க்கரை 100 கிராம் கெட்டித் தயிர்ல 4 கிராம் வாக்கில் இருக்கும். ஃபிளேவர் கப்ல மொத்த சர்க்கரை 10 கிராமைத் தாண்டுறது சாதாரணம். வித்தியாசம் முழுக்க வெளியே இருந்து போட்டது. 'புரோட்டீன்'னு பெரிய எழுத்துல போட்டிருக்கேன்னு சுகர் உள்ள அப்பாவுக்கு வாங்கிக் கொடுக்காதீங்க. பழம் வேணும்னா நாலு துண்டு கொய்யாவோ பப்பாளியோ வெட்டிப் போடுங்க.

11/
விலையைக் கணக்குப் போட ஒரு வழி: விலையை, உள்ளே இருக்கிற புரத கிராமால வகுங்க.

பால் லிட்டர் 50 ரூபாய்னு வெச்சுக்கலாம். அரை லிட்டர்ல 200 கிராம் கெட்டித் தயிர், 14 கிராம் புரதம். ஒரு கிராம் புரதம் ரூ.1.80.
முட்டை ஒண்ணு 7 ரூபாய்னா 6 கிராம் புரதம். ஒரு கிராம் ரூ.1.20 கிட்ட.
நிலக்கடலை கிலோ 150 ரூபாய்னா, 100 கிராம்ல 25 கிராம் புரதம். ஒரு கிராம் 60 பைசா.

இதே கணக்கை உங்க கையில இருக்கிற கப்புக்குப் போட்டுப் பாருங்க. அப்புறம் வாங்குறதும் வாங்காததும் உங்க விருப்பம்.

12/
வீட்டுல செய்யுறது:

பாலைப் பொங்க விட்டு, பிறகு அஞ்சு பத்து நிமிஷம் சிறு தீயில் வெச்சா தயிர் கெட்டியா உறையும். புரதமும் தண்ணியோட குறைவா போகும். வெதுவெதுப்பா ஆனதும் ஒரு ஸ்பூன் உறை மோர். உறைஞ்சதும், கொதிக்கிற தண்ணியில் போட்டு எடுத்த வெள்ளை வேட்டித் துணியை வடிகட்டி மேல விரிச்சு ஊத்துங்க. அடியில பாத்திரம். மூடி, ஃபிரிட்ஜ்ல நாலு மணி நேரம். ராத்திரி வெச்சா காலையில ரெடி.

ஆவின் பச்சை பாக்கெட்டும் நல்லா வரும், வீட்டு மாட்டுப் பாலும் நல்லா வரும். கொழுப்பு குறைக்கணும்னா நீல பாக்கெட்.

13/
ஃபிரிட்ஜ் இல்லையா? வெயில் இல்லாத இடத்துல ஒரு மணி நேரம் மட்டும் தொங்க விட்டு, அன்னைக்கே சாப்பிட்டுடுங்க. மே மாச வெயில்ல ராத்திரி பூரா வெளியே தொங்கினா புளிச்சுப் போறதோட கெட்டும் போகும்.

பச்சைப் பாலைக் காய்ச்சாம உறை ஊத்தவே கூடாது. காய்ச்சாத பால் வழியா புருசெல்லா காய்ச்சலும் மாட்டுக் காசநோயும் மனுஷனுக்கு வரும். "எங்க வீட்டு மாடுதான் டாக்டர்"னு சொன்னாலும் இதுல விலக்கு கிடையாது.

14/
வடிஞ்ச தண்ணியைச் சாக்கடையில ஊத்தாதீங்க. சப்பாத்தி மாவு பிசையலாம். ரசத்துக்குப் புளி குறைச்சு இதைச் சேர்க்கலாம். உப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை தட்டிப் போட்டா நீர்மோர் மாதிரியே குடிக்கலாம்.

15/
எப்படிச் சாப்பிடலாம்? வெளிநாட்டு ரீல்ஸ்ல வர்ற மாதிரி ப்ளூபெர்ரியும் தேனும் தேவையில்லை.

• நம்ம பெரம்பலூர் சின்ன வெங்காயத்தைப் பொடியா நறுக்கி, பச்சை மிளகாய், உப்பு, கொத்தமல்லி போட்டுக் கெட்டித் தயிர்ல கலக்குங்க. அடைக்கும் கம்பு தோசைக்கும் சட்னியே வேண்டாம்.
• வெள்ளரி துருவி, பூண்டு ஒரு பல் தட்டிப் போட்டா கிரீஸ்காரங்களோட 'ஜட்ஸிகி'. நம்ம வெள்ளரிப் பச்சடிக்கு அக்கா முறை.
• தயிர் சாதத்துல சோத்தைக் குறைச்சு, கெட்டித் தயிரையும் மாதுளை, கேரட்டையும் கூட்டுங்க. மத்தியானம் தூக்கம் சொக்காது.

16/
சமையல்ல சேர்க்கிறப்ப திரிஞ்சு போகுதுன்னு சொல்றவங்களுக்கு:

ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்து அப்படியே கொதிக்கிற குழம்புல போட்டா திரியத்தான் செய்யும். வெளியே வெச்சு குளிர் போன பிறகு, ஒரு ஸ்பூன் கடலை மாவோ அரிசி மாவோ கலந்து அடிச்சு, ஒரு கரண்டி சூடான குழம்பை அதுல ஊத்திக் கலக்கிட்டு, பிறகு சட்டியில சேருங்க. தீ குறைவா இருக்கட்டும். நுரை கட்டினதும் இறக்கிடுங்க. மோர்க்குழம்புக்கு நம்ம அம்மாங்க செய்யுற அதே வழிதான்.

கோழிக்கறியை இதுல மஞ்சள், மிளகு, இஞ்சி பூண்டோட ஊற வெச்சா தண்ணி விடாம மசாலா ஒட்டும். கறியும் மிருதுவா இருக்கும்.

கொதிச்சா தயிர்ல உள்ள நல்ல நுண்ணுயிர் செத்துடும். புரதம் எங்கேயும் போகாது.

17/
மருந்தும் தயிரும். இதை மட்டுமாவது சேமிச்சு வெச்சுக்குங்க.

• கர்ப்பிணிகள், ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுக்கிறவங்க: மாத்திரைக்கும் பால், தயிருக்கும் ரெண்டு மணி நேரம் இடைவெளி. தயிர் சாதத்தோட மாத்திரை போட்டா பாதி வீண். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல பாதிக்கு மேல் ரத்தசோகைன்னு 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்லுது. சப் சென்டர்ல நர்ஸ் கொடுக்கிற மாத்திரை வேலை செய்யணும்ல?
• சிப்ரோஃப்ளாக்சசின், டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக்: இதுக்கும் இடைவெளி வேணும்.
• தைராய்டு மாத்திரை: காலையில வெறும் வயித்துல தண்ணியோட மட்டும்.

18/
யார் கேட்டுட்டுச் சாப்பிடணும்?

கிரியேட்டினின் கூடியிருக்கிற கிட்னி நோயாளிகள். உங்களுக்குப் புரதம் எவ்வளவுன்னு உங்க டாக்டர்தான் சொல்லணும், ரீல்ஸ் சொல்லக் கூடாது. பால் புரத அலர்ஜி உள்ள குழந்தைகளுக்கு எந்த வடிவத்துலயும் கூடாது.

பால் குடிச்சா வயிறு உப்புதுன்னு சொல்றவங்க பலருக்குக் கெட்டித் தயிர் ஒத்துக்கும். லாக்டோஸ் குறைவு. கொஞ்சமா ஆரம்பிச்சுப் பாருங்க.

"சளி பிடிக்குமே?" சளி வைரஸால வருது. தயிரால இல்லை.

19/
இப்ப மனசுல இருக்கிறதைச் சொல்றேன்.

விடியக் காலையில எழுந்து, சாணி அள்ளி, தீவனம் வெச்சு, பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்துறாங்க. வீட்டுல பிள்ளைங்களுக்கு வரக்காப்பி. தனக்கு நேத்து சோறும் ஊறுகாயும். ஹீமோகுளோபின் எட்டு. "பால், தயிர் சேர்த்துக்குறீங்களா?"ன்னு கேட்டா, "பால்காசுலதான் டாக்டர் தவணை கட்டணும்"னு பதில்.

அந்தப் பதிலுக்கு என்கிட்ட மருந்துச் சீட்டு இல்லை. அவங்களைக் குறை சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. ஆனா அதே வீட்டுல பையன் டவுனுக்குப் போனா ஃபிளேவர் யோகர்ட் கப்பும் பாக்கெட் ஜூஸும் வாங்க நாற்பது அம்பது செலவாகுது. அந்தக் காசு அரை லிட்டர் பாலோட விலையை விட அதிகம்.

20/
அதனால நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. பத்து லிட்டர் ஊத்துற வீட்டுல ஒன்பதரை ஊத்துங்க. அரை லிட்டர் வீட்டுல உறையட்டும். அது தயிரா இருந்தாலும் சரி, துணியில் வடிச்சுப் 'பாடாலூர் யோகர்ட்'னு பேர் வெச்சாலும் சரி. முதல் கிண்ணம் மாடு பார்க்கிற அம்மாவுக்கும் வயித்துப் பிள்ளைக்காரிக்கும் போகட்டும்.

டவுன்ல இருக்கிறவங்க, மாடு இல்லாதவங்க, நேரம் இல்லாதவங்க தாராளமா கப் வாங்குங்க. பின்பக்கம் படிச்சுட்டு வாங்குங்க.

21/
சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, டூட்டி முடிச்சு வந்து பதில் போடுறேன். மாத்திரை பத்தின 17-ம் பகுதியை வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல கட்டாயம் பகிருங்க.


அரசு மருத்துவர், எம்பிபிஎஸ்
பெரம்பலூர் மாவட்டம்