முதல் ஐந்து ஆட்டங்களும் நமது தீர்ப்பும்

கல்லூரிக் கூடைப்பந்தாட்ட அணி பருவத்தின் தொடக்கத்திலே இரண்டொரு ஆட்டங்களில் தோற்றுவிட்டால், அத்தோல்விக்குக் காரணங் கூற அறியாத பழைய மாணவர் எவரும் இலர். பயிற்றுநர் போதாது என்பார் ஒருவர். அணித்தலைவனைத் தெரிந்தெடுத்ததே தவறு என்பார் மற்றொருவர். "எங்கள் காலத்திலே" என்று தொடங்கி முடிவின்றிப் பேசுவார் மூன்றாமவர். பருத்தித்துறையில் மாலை வேளையிற் கூடும் நாலு பேரும், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து புள்ளிவிபரத்தை அந்தக் கணமே அறிந்துகொள்ளும் நாற்பது பேரும் ஒரே நாளில் ஒரே தீர்ப்பை வழங்கிவிடுகின்றனர். வென்றாலும் இதே விரைவுதான். இரண்டு வெற்றிகள் கிடைத்ததும் அகில இலங்கைச் சம்பியன் பட்டம் கைக்கெட்டிவிட்டதாகப் பேசத் தலைப்படுகின்றோம்.

அணியை விமரிசிக்கலாகாது என்று கூற யான் முன்வரவில்லை. விமரிசிக்கப்படாத அணி கவனிக்கப்படாத அணியாகும். ஆயின் தீர்ப்பு வழங்குவோர் எதனை அளக்கின்றோம், எக்கோலால் அளக்கின்றோம் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில் இங்கே கூண்டில் நிற்பவர்கள் சம்பளம் பெறும் ஆட்டக்காரர் அல்லர். பதினாறும் பதினெட்டும் வயதான பிள்ளைகள். க.பொ.த. உயர்தரப் பரீட்சையும் மாலைநேரத் தனியார் வகுப்புகளும் அவர்களை ஆடுகளத்திலிருந்து ஓயாது இழுத்துக்கொண்டிருக்கின்றன. "பந்தை விட்டுப் புத்தகத்தை எடு" என்று வீட்டிலே சொல்லக் காத்திருப்போர் பலர். அவர்களுக்கு நமது கடுஞ்சொல் ஒரு நல்ல சான்றாகிவிடுகின்றது. ஓர் ஆட்டத்தின் தோல்வியை அடுத்த ஆட்டத்தில் ஈடுசெய்யலாம். களத்தை விட்டு வெளியேறிய மாணவனை மீட்பது அத்துணை எளிதன்று.

முதற்கண், கல்லூரி அணி என்பது யாது என்பதைச் சிந்திப்போம். நமது கல்லூரிகள் நீண்ட வயதுடையன. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியின் வரலாறு 1838 இல் தொடங்குகின்றது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி 1890 ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொள்கின்றது. ஆனால் எந்தக் கல்லூரியின் அணிக்கும் வயது ஒரு பருவமே. சென்ற ஆண்டு நடுக்களத்தை ஆண்டவன் இவ்வாண்டு பல்கலைக்கழகத்திலோ வெளிநாட்டிலோ இருப்பான். அவன் இடத்தில் நிற்பவன் தன் பக்கத்திலே ஓடுபவனின் கைப்பழக்கத்தை இப்போதுதான் கற்கின்றான். பந்து எங்கே வரும் என்பதைக் கண்ணாற் பாராது உணரும் நிலை பயிற்சியினால் மட்டுமன்றிச் சேர்ந்து தோற்பதனாலும் வருவது. ஆதலால் முதல் ஆட்டங்களை வைத்து அணியை அளப்பது, நாற்று நட்ட மறுவாரம் பயிரைப் பிடுங்கி வேரைப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

அடுத்து, எளிய கணக்கு ஒன்றைக் கூறுவேன். தன் எதிராளிகளுக்குச் சரிசமமான பலமுள்ள ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்வதும் தோற்பதும் நாணயத்தைச் சுண்டுவது போன்றது. ஐந்து ஆட்டங்கள் முடியும்போது 32 விதமான முடிவுகள் நேரலாம். அவற்றுள் 6 முடிவுகளில் அவ்வணி ஐந்திலும் தோற்றிருக்கும், அல்லது ஒன்றை மட்டுமே வென்றிருக்கும். அஃதாவது, குறையேதும் இல்லாத அணிகளுள்ளும் ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்று இவ்வாறு தடுமாறித் தொடங்குவது இயல்பு. அவ்வாறே மற்றோர் ஐந்துக்கு ஒன்று, தனிச்சிறப்பு எதுவுமின்றியே நான்கு அல்லது ஐந்து வெற்றிகளோடு தொடங்கும். தடையிலா எறிவில் நூற்றுக்கு 70 ஐக் கூடையில் இடும் வழக்கமுள்ள சிறந்த மாணவன்கூட, பத்து எறிவுகள் கொண்ட ஒரு மாலையில் ஐந்தோ அதனிலும் குறைவோ இடுவதற்கு நூற்றில் 15 பங்கு வாய்ப்புண்டு. அம்மாலையில் மட்டும் வந்திருந்த பழைய மாணவர் அவனைப் பற்றி என்ன முடிவோடு வீடு திரும்புவார் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

எதிரணி எது, களம் எது என்பனவும் கணக்கிற் சேரவேண்டும். வலிய அணிகளோடு மோதி நான்கில் ஒன்றை வென்றவன், எளிய அணிகளை நான்கு முறை வென்றவனிலும் மேலாகலாம். திறந்தவெளிச் சீமெந்துத் தளத்திலே ஆடுவோர்க்குக் காற்றும் ஓர் எதிராளி. சோளகம் வீசும் மாதங்களில் வடமராட்சிக் கரையிற் பந்தெறிந்து பார்த்தவர்க்கு இது விளங்கும். 1936 இல் பேர்லின் ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டின் இறுதியாட்டம் திறந்தவெளி மண்தளத்தில், மழையில் நடைபெற்றது. பந்தைத் தட்டி எழுப்பவும் இயலாத அச்சேற்றிலே அமெரிக்கா கனடாவை 19-8 என்று வென்றது. அந்தப் புள்ளிகளை மட்டும் பார்ப்பவர், இரு திறத்தாரும் எறியத் தெரியாதவர் என்றே முடிவு கட்டுவார்.

"எங்கள் காலத்திலே" என்னும் ஒப்பீட்டிலும் இத்தகைய குறை உண்டு. தொலைவிலிருந்து எறியும் பந்துக்கு மூன்று புள்ளி என்னும் விதி சர்வதேச ஆட்டத்திற்கு 1984 இல் வந்தது. பந்தைப் பெற்ற அணி 24 விநாடிகளுக்குள் கூடையை நோக்கி எறிதல் வேண்டும் என்னும் விதி 2000 இல் வந்தது. அதற்கு முன் 30 விநாடிகள் இருந்தன. முன்னிலை பெற்றபின் பந்தைக் கைமாற்றிக் காலங்கடத்திய தலைமுறையும், மூச்சு வாங்க இடமின்றி ஓடும் தலைமுறையும் பெற்ற புள்ளிகளை ஒரே தராசில் இடுவது நீதியாகாது. 1891 டிசம்பரில் மசாச்சுசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்டிலே ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் பீச்சுப்பழக் கூடைகளைக் கட்டி, 13 விதிகளை வகுத்து இவ்விளையாட்டைத் தொடக்கியபோது, முதலாட்டத்தில் விழுந்தது ஒரேயொரு கூடைதான். அன்று நமது பழைய மாணவர் எவரேனும் அங்கிருந்திருப்பின் இவ்விளையாட்டே தோல்வி என்று எழுதியிருப்பார்!

இனி, பொறுமை பலன் தந்தமைக்குச் சான்றுகள் காண்போம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1980 இல் மைக் ஷஷெவ்ஸ்கி என்பவர் பயிற்றுநரானார். முதல் மூன்று பருவங்களில் அவரது அணி 38 ஆட்டங்களில் வென்று 47 இல் தோற்றது. 1983 இல் வேர்ஜீனியாவிடம் 109-66 என்று பெருந்தோல்வி கண்டது. அவரை நீக்குமாறு பழைய மாணவரும் நன்கொடையாளரும் வற்புறுத்தினர். விளையாட்டுத்துறைத் தலைவர் ரொம் பட்டர்ஸ் 1984 இல் அவரை நீக்குவதற்கு மாறாக அவரது ஒப்பந்தத்தை நீடித்தார். அதன்பின் 1991, 1992, 2001, 2010, 2015 ஆகிய ஆண்டுகளில் அவ்வணி தேசியச் சம்பியனாயிற்று. அவர் 2022 வரை அங்கே பணியாற்றினார். வற்புறுத்தியோரின் எண்ணம் நிறைவேறியிருப்பின் இவ்வைந்தும் டியூக்குக்கு வாய்த்திரா எனலாம். இனி ஒரே பருவத்தினுள் நிகழ்ந்தது ஒன்று: 1988 இல் கன்சாஸ் அணி முதல் 20 ஆட்டங்களில் எட்டில் தோற்றிருந்தது. அதே அணி அப்பருவ முடிவில் ஒக்லஹோமாவை 83-79 என்று வென்று பட்டத்தைச் சூடியது. மறுபுறம், 2015 இல் கென்ரக்கி அணி 38 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றபின் அரையிறுதியில் விஸ்கொன்சினிடம் வீழ்ந்தது. தொடக்கம் முடிவைச் சொல்வதில்லை என்பதற்கு இவ்விரு எல்லைகளும் போதும்.

கடல் கடந்து செல்லாமலே சான்று கூறுவதாயின், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி தந்த உயரம் பாய்தல் வீரர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தைக் கூறுவேன். அவர் 1952 இல் ஹெல்சிங்கியிலும் 1956 இல் மெல்பேர்னிலும் ஒலிம்பிக்கிற் பங்குபற்றிப் பதக்கமின்றித் திரும்பினார். 1958 இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டினார். ஹெல்சிங்கியோடு அவரைக் கைவிட்டிருந்தால் தோக்கியோ ஏது? அவர் பயின்ற கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்திலேதான் ஜோன் வூடன் என்னும் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநர் 1948 இல் பணியேற்று, 1964 இலேயே தம் முதலாவது தேசியப் பட்டத்தைக் கண்டார். பின்னர் 1975 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளில் பத்துப் பட்டங்கள் அவரை அடைந்தன.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். "எல்லாத் தோல்வியையும் பொறுத்துக்கொண்டால் சோம்பலுக்கும் அதுவே அரணாகாதோ? மூன்றாண்டு பொறுத்த பின்னும் பட்டம் வாராவிடின் என் செய்வது?" என்பர். நியாயமான வினாவே. பொறுத்தவர் எல்லாரும் வெற்றி கண்டிலர் என்பதும் உண்மை. ஆகவே பருவத்தின் தொடக்கத்தில் எதையும் அளக்காதே என்பது என் கருத்தன்று. வெற்றி தோல்வியை விட்டு, பயிற்சியின் பயனாக மட்டும் வரக்கூடியவற்றை அளக்குக என்பதே என் வேண்டுகோள்.

அவை யாவை? கூடைப்பந்தாட்டத்தைக் கணக்கால் ஆராய்ந்த டீன் ஒலிவர் என்பார் 2004 இல் வெளியிட்ட நூலில், வெற்றியை நான்கு காரணிகளாக வகுத்தார். எறிந்த பந்து எத்துணை கூடையில் விழுந்தது என்பது முதலாவது. எறிய முன்னரே பந்தைப் பறிகொடுத்தது எத்தனை முறை என்பது இரண்டாவது. விழாது தெறித்த பந்தைக் கைப்பற்றியது யார் என்பது மூன்றாவது. தடையிலா எறிவுகளைப் பெற்றுப் பயன்படுத்தியமை நான்காவது. முதலாவது ஆட்டத்திற்கு ஆட்டம் ஏறியிறங்கும். ஆயின் பந்தைப் பறிகொடாமையும், தெறிக்கும் பந்துக்கு எதிராளியை மறித்து நிற்றலும் பழக்கத்தினால் வருவன. இவற்றோடு, பந்தை இழந்ததும் ஐவரும் தம் கூடையைக் காக்கத் திரும்பி ஓடுகின்றனரா, நான்காம் பத்து நிமிடத்திலும் முதற் பத்து நிமிடத்தின் கால்கள் இருக்கின்றனவா, தவறிழைத்த தோழனிடம் பந்து மீண்டும் செல்கின்றதா என்பவற்றையும் காண்க. இவை முதலாட்டத்தை விட ஐந்தாம் ஆட்டத்தில் மேம்பட்டிருப்பின், ஐந்திலும் தோற்ற அணியையும் தட்டிக்கொடுக்கலாம். இவை தேய்ந்திருப்பின், ஐந்திலும் வென்ற அணியையும் எச்சரிக்கலாம். அங்கேதான் பயிற்றுநரிடம் கேள்வி கேட்கும் உரிமை நமக்குப் பிறக்கின்றது.

நமது சங்கம் செய்யத்தக்கன மூன்று. ஒன்று, பயிற்றுநர் ஒருவரை நியமித்தால் மூன்று பருவங்களேனும் அவருக்கு அளித்தல். கீழ்ப்பிரிவில் அவர் தொட்ட பிள்ளைகள் மேற்பிரிவுக்கு வரும் காலம் அது. இரண்டு, மேற்கூறிய நான்கையும் ஆட்டந்தோறும் குறித்துவைக்கும் பதிவேடு ஒன்று. அதற்குப் பெருஞ்செலவில்லை, கணிதத்தில் ஆர்வமுள்ள இரு மாணவரும் ஒரு கொப்பியும் போதும். பதிவேடு இருக்குமிடத்தில் வாய்ப்பேச்சின் ஆதிக்கம் குறையும். மூன்று, நமது பணம் வெற்றிக் கேடயத்தைப் பின்தொடர்ந்து செல்லாது முன்செல்லுதல். வென்ற அணிக்கு விருந்து வைப்பதற்கு ஆட்கள் உளர். இளைய பிரிவுக்குப் பத்துப் பந்துகளும், வளைந்துபோன வளையங்களுக்குப் பதிலும், மாலைப் பயிற்சிக்கு ஒரு விளக்கும் வாங்கித் தருவோர் அரியர்.

ஆசிரியர்க்கும் ஒரு விண்ணப்பம். வாரத்தில் இரண்டு மாலைகளையாவது வகுப்புகளின் பிடியிலிருந்து மீட்டுக் களத்திற்கு அளித்தல் வேண்டும். பயிற்சிக்கு வராத பிள்ளையிடம் வெற்றியை எதிர்பார்ப்பது நமது குறையேயன்றி அவனது குறையன்று. மாணவ நண்பர்க்குக் கூறுவது இது: உங்களைப் பற்றிய எல்லாப் பேச்சுக்கும் செவிகொடாதீர்கள், களத்தருகே நின்று பயிற்சியைப் பார்த்தவர் சொல்லும் குறையைத் தள்ளவும் செய்யாதீர்கள்.

கல்லூரி தன் நீண்ட ஆண்டுகளைக் கொண்டாடும் இவ்வேளையில், அதனை இத்துணைக் காலம் நிலைநிறுத்தியது எது என்று எண்ணிப் பார்ப்பது தகும். நம்மில் எத்தனை பேர் முதலாந் தவணைப் பரீட்சையிலே மதிப்பிடத் தகாதவராய் இருந்தோம்! நம்மை அத்தவணையோடு எடைபோட்டு விலக்காத ஆசிரியர்களாலேயே நாம் பழைய மாணவர் என்னும் பெயரைப் பெற்றோம். நாம் பெற்ற அந்தப் பொறுமையை இன்று களத்தில் நிற்கும் பிள்ளைகளுக்கு அளிப்பது சலுகையன்று, கடன்.